திரைக்கு வைத்த பொட்டு

சென்னையிலிருந்து வந்த திட்டத்தில் திருச்சி என்பது ஒரு நீல வட்டம். எங்கள் கம்பெனியின் மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு விற்கும் டீலர்கள் எல்லாரும் அந்த வட்டத்துக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு டிஜிட்டல் திரை வைக்க வேண்டும், அதில் கம்பெனியின் விளம்பரம் நாள் முழுக்க ஓட வேண்டும். எந்தக் கடையில், எந்தச் சுவரில், எந்த உயரத்தில் என்று முடிவு செய்வது என் வேலை. இந்தப் பகுதிக்கு மார்க்கெட்டிங் பார்க்கிறவள் என்ற பாவத்துக்காக அது என் தலையில் விழுந்தது.

திட்டம் போட்டவர்கள் யாரும் டீலர் கடைக்குள் கால் வைத்ததில்லை என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 'வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், கண் மட்டத்தில், காலியாக உள்ள இடத்தில் பொருத்தவும்' என்று எழுதியிருந்தார்கள். காலியாக உள்ள இடமாம்! எங்கள் ஊர்க் கடைகளில் அந்தச் சுவரில் மேலே பிள்ளையார் இருப்பார், நடுவில் பெருமாள், பக்கத்தில் பாத்திரக்கடை கொடுத்த லட்சுமி காலண்டர். அதற்குக் கீழே, கடையை ஆரம்பித்த அப்பா, சந்தன மாலையோடும் மினுக்கும் சீரியல் பல்போடும் வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருப்பார். "அப்பாவைக் கொஞ்சம் நகர்த்தலாமா சார்?" என்று கடை கடையாகப் போய்க் கேட்பதற்குத்தான் கம்பெனி நான் எம்.பி.ஏ. படித்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது.

லால்குடி டீலர் தன் அப்பா படத்தை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "உயிரோட இருக்கும்போதே அவர் யார் சொன்னாலும் நகர மாட்டார் மேடம்" என்றார். கடைசியில் லட்சுமி விட்டுக்கொடுத்தாள். பொன்மலையில் மாதா படத்தை ஒரு சாண் மேலே ஏற்றிக்கொண்டார்கள். பெரிய கடை வீதியில் இருக்கும் பாய் மட்டும் எதற்கும் மசியவில்லை. "கண் மட்டத்துல வெச்சா நம்ம பசங்க பெட்டியைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போகையில இடிச்சுடுவாங்க மேடம். ஒடைஞ்சா நீங்க வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டு, திரையைக் கூரைக்கு ஒட்டினாற்போல் மாட்டி, எட்டிப் பார்க்கிற மாமியார் மாதிரி கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டார். இது திட்டத்துக்கு முற்றிலும் விரோதமானது என்று நான் போட்டோவோடு அவருக்கு ஒரு நீளமான மெயில் அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

ஓடுகிற விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளிங்குத் தரை போட்ட ஒரு சமையலறையில், தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண், மிக்ஸியில் ஏதோ பச்சை நிறத்தில் அரைத்துக்கொண்டே சிரிப்பாள். ஸ்ரீரங்கத்துக் கடையில் அதை முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது கடைக்கார அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தார்.

"யாரும்மா இவ? மிக்ஸி போடும்போது எவளாவது சிரிப்பாளா? சட்னிக்குள்ள முடி விழுதான்னு பாக்கச் சொல்லு முதல்ல."

இந்த அக்காவை எனக்கு வேலைக்கு முன்பிருந்தே தெரியும். நான் ஸ்ரீரங்கத்தில்தான் குடியிருக்கிறேன். என் வீட்டுக் குக்கருக்கு கேஸ்கட் வாங்குவது அவர் கடையில்தான். கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் பஸ் பிடிக்கப் போகிற வழியில், இரண்டு ஆள் சேர்ந்தாற்போல் நுழைய முடியாத ஒரு கடை. அவர் கணவர் ஆரம்பித்தது. அவர் போனதும், கடையை விற்றுவிட்டுப் பணத்தை எங்களிடம் கொடு, உன்னை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கொழுந்தனார்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா காரியம் முடிந்த மறுவாரமே ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். கணவரை இழந்தவள் இத்தனை சீக்கிரம் தெருவில் வந்து உட்காரலாமா என்று பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் இன்று அவரிடம் டிஸ்கவுண்ட் கேட்கிறார்கள். அவருக்கு அந்தக் கடைதான் சோறு, அதுதான் வீடு, அதுதான் மரியாதை. எங்கள் கம்பெனியின் டீலர்ஷிப் இல்லாவிட்டால் அந்தக் கடையில் விற்பதற்கு விசில் வெயிட்டும் அடுப்பு லைட்டரும்தான் மிஞ்சும்.

அதைப் பிடுங்கத்தான் சென்னையில் ஆசைப்பட்டார்கள். சின்னக் கடைகளை ஒழித்துவிட்டு, எல்லாவற்றையும் நகரத்தில் இருக்கும் பெரிய ஷோரூமுக்குக் கொடுத்துவிடுவது என்பது என் மேனேஜரின் கனவு. அந்தக் கனவில் முதலில் அடிபடுவது ஸ்ரீரங்கம். ஆனால் சும்மா பிடுங்க முடியாது, ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையையும் திரையிடமே ஒப்படைத்திருந்தார்கள்.

திரையின் மேல் விளிம்பில், நட்ட நடுவில், மிளகு அளவுக்கு ஒரு கறுப்புக் கண் இருக்கும். முன்னால் ஆள் வந்து நின்றால் அது எண்ணிக்கொள்ளும், எண்ணிக்கை உடனே சென்னைக்குப் போய்விடும். ஆள் நிற்கிற கடை நல்ல கடை, நிற்காத கடை கெட்ட கடை. நின்றவர் எதற்காக நின்றார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது.

அக்கா கடையில் எண்ணிக்கை எகிறியது. காரணம், தரிசனம் முடித்து வந்த வெளியூர்க்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கியது அந்தத் திரைக்கு முன்னால்தான். "பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்கள், காணாமல் போன மச்சானுக்கு போன் போட்டவர்கள், திரை கறுப்பாகும் ஒரு நொடியில் அதில் முகம் பார்த்துத் தலைவாரியவர்கள், எல்லாரையும் அது சேர்த்து எண்ணியது. 'ஸ்ரீரங்கத்தில் அபாரமான ஈடுபாடு' என்று சென்னையிலிருந்து மெயில் வந்தது. நான் அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "ஈடுபாடெல்லாம் பெருமாள் மேல. நமக்கு நிழல்தான் இருக்கு" என்றார். ஆனாலும் சந்தோஷம்தான். டீலர்ஷிப் தப்பித்தது என்று எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு அக்கா கடைக்குப் பொரி வாங்கிக்கொள்ளப் போனேன். உள்ளே நுழைவதற்குள் என் லேப்டாப்பைப் பிடுங்கி மூடியின் நடுவில் சந்தனம் இழுத்து, அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டார். வெளியே வந்து ஸ்கூட்டர் ஹெட்லைட்டுக்கும் வைத்தார். ஃபேன், தராசு, கல்லாப்பெட்டி, கால்குலேட்டர், ஸ்க்ரூ டிரைவர், ஷட்டர் பூட்டு, அலமாரியில் இருந்த மிக்ஸிகள் ஒவ்வொன்றுக்கும் ஜார் தனியாக, மோட்டார் தனியாக. ஊரில் எல்லாரும்தான் வைக்கிறார்கள். ஆனால் அக்கா வைக்கிறதில் ஒரு வெறி இருந்தது. "அக்கா, போதும், சுவத்துக்கும் வெச்சுடப் போறீங்க" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படியே விட்டால் எனக்கும் அவல் பொரி நைவேத்தியம் பண்ணிவிடுவார் என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மேனேஜர் போன் செய்தார்.

"என்ன மேடம், உங்க ஊர்ல ஜனங்களே இல்லையா?"

"ஏன் சார்?"

"லால்குடி ஜீரோ. பொன்மலை ஜீரோ. ஸ்ரீரங்கம் ஜீரோ. தீபாவளி சீசன்ல எந்தக் கடை முன்னாலயும் ஒருத்தர்கூட நிக்கல. பெரிய கடை வீதியில மட்டும் ஆள் வராங்க."

திரை ஏதாவது பழுதாக இருக்கும் என்றேன். எல்லாத் திரையும் ஓடுகிறது, நெட் வருகிறது, எதிலும் கோளாறு இல்லை என்று அவருடைய கம்ப்யூட்டர் சொல்கிறதாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இனிப்புக் கடைக்காரர் மாதிரி பேசினார். "மத்த கடைகளை அப்புறம் பார்ப்போம். ஸ்ரீரங்கத்தை இன்னிக்கே முடிச்சுடலாம்னு இருக்கேன். அஞ்சு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள நம்பர் வந்தா சரி, இல்லேன்னா ஷோரூமுக்குக் கொடுத்துடுவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் முழுக்க ஜீரோவாக இருக்கும்போது ஒருத்தியை மட்டும் தூக்கில் போடுவதற்கு எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன். வைத்த உடனே பாய் கூப்பிட்டார்.

"என்ன மேடம், மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் போன் போட்டு வாழ்த்துச் சொல்றார். திருச்சி ஜில்லாவிலேயே நம்ம கடைக்குத்தான் ஆள் வருதாம். அல்ஹம்துலில்லாஹ். ஆனா நான் காலையிலேர்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் ஏறினேன். பாலத்தில் வழக்கம்போல் எல்லாரும் எல்லாருக்கும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளே இல்லாத ஊர்!

அக்கா கடை வாசலில் ஒரு வேன் கூட்டம் நின்றது. திரைக்கு நேர் முன்னால் ஒரு குடும்பமே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. என் மொபைலில் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஜீரோ. நானே போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். ஜீரோ. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். புளியோதரைக் குடும்பம் பொட்டலத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றது.

"என்னம்மா, அந்த முடி விரிச்சவளுக்கு டாட்டா காட்டறியா?" என்று கல்லாவிலிருந்து அக்கா சிரித்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். திரையின் மேல் விளிம்பில், நட்ட நடுவில், கண் இருக்க வேண்டிய இடத்தில், நாலணா அகலத்துக்குக் காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

டீலர்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் அவரவர் திரையைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பச் சொன்னேன். லால்குடி: பொட்டு. திருவானைக்காவல்: குறுக்கே மூன்று பட்டை விபூதி, நடுவில் பொட்டு. பொன்மலைக்காரர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ரயில்வே ஒர்க் ஷாப் பக்கத்தில் வளர்ந்தவர், ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்குப் பொட்டு வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர் திரையிலும் பொட்டு. எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் எந்தப் பொருளுக்கும் நெற்றி எது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாய் கடைப் பையன்களும் அன்றைக்குப் பொரி கடலை வைத்துப் பூஜை போட்டிருக்கிறார்கள், டிரில்லுக்கும் ஏணிக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். திரை மட்டும் கைக்கு எட்டவில்லை. நான் மெயில் எழுதித் திட்டிய அந்த உயரம்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்லா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். 'எல்லாரும் திரையில் உள்ள பொட்டைத் துடைக்கவும்' என்று குழுவில் போட்டேன். லால்குடிக்காரர் உடனே போன் செய்தார். "வெச்ச பொட்டை எப்படி மேடம் துடைக்கறது? சீசன் நேரத்துல என்ன பேச்சு இது? அதுவா உதிரட்டும்." அதுவாக உதிர்வதற்குள் பொங்கல் வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அப்பா மாதிரியேதான் பிள்ளை.

சரி, அவர்கள் எப்படியாவது போகட்டும். ஐந்து மணிக்கு வெட்டு விழப்போவது இந்தக் கடைக்குத்தான். விஷயத்தை அக்காவிடம் முழுவதும் சொன்னேன். கண், எண்ணிக்கை, மேனேஜர், மீட்டிங், ஷோரூம், ஒன்று விடவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கல்லாவில் கிடந்த துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்தேன்.

"ஒரே நிமிஷம்க்கா. துடைச்சுட்டா சரியாயிடும்."

"கீழ இறங்கு."

"அக்கா?"

"இறங்குன்னு சொல்றேன்ல? அதைத் துடைக்காத."

அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அக்கா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் போனப்ப எனக்குத் துடைச்சாங்க. பத்தாம் நாள். சுத்தி நின்னது அத்தனையும் சொந்தக்காரங்க. ஒருத்தி தலையைப் பிடிச்சுக்கிட்டா, ஒருத்தி ஈரத்துணியால துடைச்சா. அடுப்பு மேடையில எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்கற மாதிரி. துடைச்சுட்டு எல்லாரும் கை கழுவிட்டுச் சாப்பிடப் போனாங்க."

என் கையில் இருந்த ஈரத்துணியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"வீட்ல ஒரு விசேஷம்னா குங்குமச் சிமிழைத் தொட விட மாட்டாங்க. நான் பெத்த பொண்ணோட கல்யாணத்துலகூட ஓரமா நின்னேன். இது என் கடை. இங்க யாரும் கேக்க முடியாது. வருஷத்துல இந்த ஒரு நாள் நான் எல்லாத்துக்கும் வெச்சு விடறேன். ஃபேனுக்கு வைக்கறேன், மிக்ஸிக்கு வைக்கறேன். அதுங்க எதுவும் உன் கையால வேண்டாம்னு சொல்றதில்ல."

என் ஸ்கூட்டருக்கும் லேப்டாப்புக்கும் அன்று அவர் பொட்டு வைத்தபோது, போதும் அக்கா என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்தது, மேனேஜர் மீது, கொழுந்தனார்கள் மீது, தலையைப் பிடித்துக்கொண்ட அந்த ஒருத்தி மீது கோபம் கோபமாகவும் வந்தது. இதில் எதையும் காட்டுவதற்கு நேரம் இல்லை. மணி நாலைத் தாண்டியிருந்தது.

"அக்கா, அது மறைஞ்சு இருந்தா கடை போயிடும்."

"தெரியுதும்மா. நான் என்ன பச்சக் குழந்தையா?"

அந்தப் பெண் திரையில் பச்சையாக எதையோ அரைத்துச் சிரித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து சிரிக்க ஆரம்பித்தாள். அக்கா எழுந்து, சாமி அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் சிமிழையும் எடுத்துக்கொண்டு வந்தார். சந்தனத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

"கண்ணு மேலதானே இருக்கு? கீழ இல்லையே?"

"இல்லக்கா. கீழே எதுவும் இல்ல."

திரையின் கீழ் விளிம்பில், நட்ட நடுவில் சந்தனம் வைத்தார். அதன்மேல் குங்குமம். தலையைச் சாய்த்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டு, அவரே ஸ்டூலில் ஏறினார்.

"முதல்ல கீழ வெச்சுடணும். அப்புறம்தான் மேல எடுக்கணும். நடுவுல ஒரு நிமிஷம்கூட அது வெறும் நெத்தியோட நிக்க வேண்டாம், பாவம்."

அழுத்தித் துடைக்கவில்லை. தூங்குகிற குழந்தையின் கண்ணில் பூளை எடுக்கிற மாதிரி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். எடுத்ததைத் தரையில் போடாமல் கிண்ணத்திலேயே போட்டார். கறுப்புக் கண் வெளியே வந்தது. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, திரைக்கு எதிரில் நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

என் மொபைலில் ஸ்ரீரங்கத்துக்கு நேராக ஒன்று என்று வந்தது.

"வந்துடுச்சுக்கா! ஒரு ஆள்!"

"யாரு?"

"நீங்கதான்."

"நானா? நான் என்ன வாங்க வந்தேன்?" என்றார். ஆனால் நகராமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

நல்லவேளையாக அடுத்த வேன் வந்தது. ஐந்து மணிக்குள் ஸ்ரீரங்கத்தில் ஈடுபாடு பிய்த்துக்கொண்டு போனது. மேனேஜர் போன் செய்து, என்ன கோளாறு, தூசியா என்று கேட்டார். தூசி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், சொல்ல மனம் வரவில்லை. "குங்குமம் சார்" என்றேன். "இருக்கட்டும், ஸ்ரீரங்கத்தை இப்போதைக்கு அப்படியே விட்டுடுங்க" என்று அவர் போனை வைத்துவிட்டார். அந்த 'இப்போதைக்கு' இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. குழுவில் நான் மாற்றி எழுதிப் போட்டதும் லால்குடிக்காரர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. கீழே பொட்டு வைத்து, மேலே எடுத்து, போட்டோவும் அனுப்பிவிட்டார்.

பக்கத்து ஜில்லாக்களுக்கும் திரை வைக்க இப்போது நான்தான் திட்டம் போடுகிறேன். வரைபடத்தில் திரையின் கீழ் விளிம்பில் ஒரு சின்ன வட்டம் போட்டு 'பொட்டு வைக்கும் இடம்' என்று குறித்திருக்கிறேன். ஏற்கெனவே மேலே வைத்துவிட்டவர்களுக்காக அதன் கீழே இரண்டு வரி சேர்த்தேன். முதலில் கீழே வைக்கவும். பிறகு மேலே எடுக்கவும். இரண்டும் ஒன்றுதானே, எதை முதலில் செய்தால் என்ன என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். அந்த இரண்டு வரிக்கும் கீழே, வரிசை மாறக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினேன்.